வகுப்புச் செயலாளரும் வரலாற்றுப் பதிவும்: அமெரிக்கக் கல்லூரி ஒன்றுகூடல்களில் தன்னார்வப் பொறுப்புகளின் வளர்ச்சி

முன்னுரை

ஒரே ஆண்டில் பட்டம் பெற்றோர் பத்து, இருபத்தைந்து, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓரிடத்தில் கூடும் வழக்கம் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பரவலாகக் காணப்படுகிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உடன்பயின்ற தமிழாசிரியர்கள் இத்தகைய சந்திப்புகளை ஆர்வத்தோடு நடத்தி வருகின்றனர். எனினும், அவற்றை நட்பின் வெளிப்பாடாகக் காணும் அளவிற்கு, அவற்றின் பின்னணியில் உள்ள தன்னார்வப் பொறுப்புகளை ஆராய்ச்சிக்குரியனவாக நாம் கருதுவதில்லை. அப்பொறுப்புகள் எவ்வாறு தோன்றின, அவை வரலாற்றுக்கு எதனை விட்டுச்செல்கின்றன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வழக்கம் முறையான அமைப்பாக வளர்ச்சி பெற்றதும், அதைப் பற்றிய அச்சு ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பதும் அமெரிக்காவின் பழைய கல்லூரிகளில்தாம். எனவே, ஹார்வர்டு, யேல் முதலிய நிறுவனங்களின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, ஒன்றுகூடலுக்கான தன்னார்வப் பொறுப்புகள் வளர்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஈண்டு 'வகுப்பு' என்னும் சொல் ஒரே ஆண்டில் பட்டம் பெற்ற மாணவர் தொகுதியைக் குறிக்கும். ஒன்றுகூடலின் பொறுப்புகளுள் மூத்ததும் அடிப்படையானதும் பெயரையும் வாழ்வையும் பதிவுசெய்யும் பொறுப்பே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

வகுப்பு என்னும் அலகு

18, 19ஆம் நூற்றாண்டுகளின் அமெரிக்கக் கல்லூரி, இன்றைய பல்கலைக்கழகத்தைப் போன்றதன்று. ஓர் ஆண்டில் சேர்ந்த மாணவர்கள் நான்கு ஆண்டுகளும் பெரும்பாலும் ஒரே பாடங்களை ஒரே அறையில் பயின்றனர். எண்ணிக்கையும் சிறியது. ஆகவே, கல்லூரியின்பால் கொண்ட பற்றினும் வகுப்பின்பால் கொண்ட பற்று நெருக்கமானதாக இருந்தது. யேல் கல்லூரியில் பட்டதாரிகளை வகுப்பு வாரியாக ஒருங்கிணைக்கும் முறை 1792இல் தோன்றியதாகக் குறிப்பிடுவது மரபு.

மீண்டும் கூடுவதற்கான காலமும் கல்லூரியின் நடைமுறையிலிருந்தே பிறந்தது. இளங்கலைப் பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டில், மேலும் பயிலாமலே, கட்டணம் செலுத்தி முதுகலைப் பட்டம் பெறும் முறை அன்று ஹார்வர்டிலும் யேலிலும் நிலவியது. அப்பட்டம் பெற வந்தவர்கள் ஒருவரையொருவர் காண நேர்ந்தது. மூன்றாம் ஆண்டுச் சந்திப்பு வழக்கமாயிற்று. அவ்வகுப்பில் முதலில் பிறந்த ஆண் குழந்தைக்கு வெள்ளிக் கிண்ணம் வழங்கும் வழக்கமும் யேலில் இருந்தது. இதற்கு எவருக்கு எப்பொழுது திருமணம் நடந்தது, குழந்தை எப்பொழுது பிறந்தது என்பதை ஒருவர் அறிந்துவைத்திருக்க வேண்டும். விளையாட்டாகத் தோன்றும் இப்பரிசும் ஒரு பதிவாளரை வேண்டிநின்றது.

வகுப்புச் செயலாளர்

அப்பதிவாளரே வகுப்புச் செயலாளர். ஹார்வர்டில் இவர் பட்டமளிப்புக்கு முன்னரே வகுப்பினரால் வாழ்நாள் முழுமைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவருக்கு ஊதியமில்லை. முகவரிகளைத் திரட்டுதல், குறித்த ஆண்டுகளில் வினாக்கள் அடங்கிய கடிதம் அனுப்புதல், வந்த விடைகளைத் தொகுத்து நூலாக அச்சிடுதல், இறந்தோரின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதுதல் ஆகியன இவர்தம் கடமைகள். சந்திப்பின் நாளையும் இடத்தையும் அறிவிப்பவரும் இவரே. விருந்து ஒரு நாளில் முடிந்துவிடும். செயலாளரின் பணியோ அவருடைய வாழ்நாள் வரை தொடரும்.

இப்பணியின் அருமையை ஹார்வர்டின் 1837ஆம் ஆண்டு வகுப்பு நன்கு உணர்த்துகிறது. அதன் செயலாளர் ஹென்றி வில்லியம்ஸ், பட்டம் பெற்றுப் பத்தாண்டு நிறைவடைந்தபொழுது வகுப்புத் தோழர்களுக்கு வினாக்கடிதம் அனுப்பினார். விடையெழுதியோருள் ஹென்றி டேவிட் தோரோவும் ஒருவர். வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் ஈராண்டுகளுக்கு மேல் தனித்து வாழ்ந்த தோரோ, 1847 செப்டம்பர் 6இல் அங்கிருந்து வெளியேறியிருந்தார். அதே மாதம் 30ஆம் நாள் அவர் எழுதிய விடையில், தம் தொழில் இன்னதென வரையறுக்க இயலாது எனக் கூறி, பள்ளி ஆசிரியர், நில அளவையாளர், தோட்டக்காரர், வீட்டுக்கு வண்ணம் பூசுபவர், தச்சர், கொத்தர், நாட்கூலி, பென்சில் செய்பவர், எழுத்தாளர் எனப் பலவற்றை அடுக்கினார். தம்மை உதவிக்குரியவராக வகுப்பினர் கருதவேண்டாம் என்றும், அவர்களுள் எவருக்கேனும் பணமுடை நேர்ந்தால் பணத்தினும் மேலான அறிவுரையைத் தாம் வழங்க இயலும் என்றும் பின்குறிப்பில் சேர்த்தார்.

'வால்டன்' நூல் 1854இல்தான் வெளிவந்தது. 1847இல் தோரோ பெரும்புகழ் எய்தியவரல்லர். புகழ் பெற்றவர்களிடம் மட்டும் விவரம் கேட்பது செயலாளரின் நோக்கமாக இருந்திருப்பின் இக்கடிதம் தோன்றியிராது. வகுப்பினர் அனைவரிடமும் ஒரே வினாவைக் கேட்க வேண்டும் என்னும் கடமையே இதனை நமக்குத் தந்தது. வில்லியம்ஸ் நாற்பது ஆண்டுகள் கழித்து, பட்டமளிப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1887இல் அவ்வகுப்பின் நினைவுத் தொகுப்பை அச்சேற்றினார். இன்று தோரோவின் வாழ்க்கையை ஆராய்வோர்க்கு அவர் தம்மைப் பற்றித் தாமே அளித்த இவ்வாக்குமூலம் சிறந்த மூலச்சான்றாக விளங்குகிறது.

உடுக்குறியும் 'காணாதோர்' பட்டியலும்

வகுப்புப் பதிவுகள் பெருநூல்களுக்கும் வழிவகுத்தன. ஹார்வர்டின் நூலகராக இருந்த ஜான் லாங்டன் சிப்லி, 1642 முதலான பட்டதாரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 1873, 1881, 1885ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். யேலில் பிராங்க்ளின் பௌடிச் டெக்ஸ்டர் 1885 முதல் 1912 வரை ஆறு தொகுதிகளை வெளியிட்டார். நெடுங்காலம் இலத்தீன் மொழியிலேயே அச்சிடப்பட்ட ஹார்வர்டு பட்டதாரிகள் பட்டியலில், இறந்தோர் பெயருக்கு முன் ஓர் உடுக்குறி இடப்பட்டது. அக்குறியை இடுவதற்கும் எவரோ ஒருவர் இறப்புச் செய்தியைத் தேடி உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

செயலாளர்களின் அறிக்கைகளில் மற்றொரு பகுதியும் நம் கவனத்திற்குரியது. தொடர்பற்றுப்போனவர்களின் பெயர்களைத் தனியே அச்சிட்டு, அறிந்தோர் தகவல் தருமாறு வேண்டும் வழக்கம் அது. ஒன்றுகூடலுக்கு வந்தவர்களைக் கணக்கிடுவது எளிது. வாராதவர்களையும் கணக்கில் வைப்பதே பதிவாளரின் கடமை. தோல்வியுற்றோரும் வறுமையுற்றோரும் விலகி நிற்பது எக்காலத்திற்கும் பொதுவாதலின், விடையெழுதியோரைக் கொண்டு மட்டும் ஒரு வகுப்பின் வரலாற்றை எழுதினால் அது வென்றோரின் வரலாறாகவே அமையும்.

நிதிப் பொறுப்பின் தோற்றம்

நிதி திரட்டும் நோக்கம் ஒன்றுகூடலோடு பின்னர் இணைந்தது. 1821இல் வில்லியம்ஸ் கல்லூரியின் தலைவர் மாணவர் சிலருடன் வெளியேறி ஆம்ஹர்ஸ்டில் புதிய கல்லூரியை அமைக்கச் சென்றபொழுது, பழைய கல்லூரி நிலைக்குமா என்னும் ஐயம் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அதன் பட்டதாரிகள் ஒன்றுதிரண்டு பழைய மாணவர் சங்கம் அமைத்தனர். இவ்வகையில் தொடர்ந்து இயங்கிவரும் மிகப் பழைய சங்கம் இதுவெனக் கூறப்படுகிறது. பழைய மாணவர்கள் கல்லூரியின் காவலர்கள் என்னும் எண்ணம் இங்குத் தெளிவாக உருப்பெற்றது.

1890இல் யேல் பட்டதாரிகள் ஆண்டுதோறும் நிதியளிக்கும் திட்டத்தைத் தொடங்கினர். இம்முறை வளர்ந்தபொழுது, வகுப்புதோறும் நன்கொடை கேட்டுப் பெறும் 'வகுப்பு முகவர்' என்னும் தன்னார்வப் பொறுப்பு நிலைபெற்றது. 1905இல் ஹார்வர்டின் 1880ஆம் ஆண்டு வகுப்பு தன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கல்லூரிக்கு 1,00,000 டாலர் வழங்கியது. அன்றைய குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட் அவ்வகுப்பினருள் ஒருவர். இருபத்தைந்தாம் ஆண்டில் பெருநிதி வழங்குவது அதன்பின் மரபாயிற்று.

இதனால் விளைந்த மாற்றம் சிறிதன்று. நலம் கேட்டு எழுதிய கடிதம் இருந்த இடத்தில் நன்கொடை கேட்டு எழுதும் கடிதமும் வந்து சேர்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1897இல் பழைய மாணவர் பணிக்கென முழுநேரச் செயலாளரை அமர்த்தியது. 1913இல் இத்தகைய அலுவலர்கள் தமக்கெனச் சங்கம் அமைக்கும் அளவிற்கு இத்துறை வளர்ந்தது. முகவரிப் பேணல் படிப்படியாக அலுவலகத்தின் கைக்கு மாறியது. தன்னார்வலர்களிடையே பணிகள் பகுக்கப்பட்டன: ஒன்றுகூடல் தலைவர், நிகழ்ச்சிக் குழுவினர், தோழர்களைத் தொலைபேசியில் அழைப்போர், பொருளாளர், நிதிக் குழுவினர், வகுப்பு நூலின் பதிப்பாசிரியர், நினைவு வழிபாட்டுக்குப் பொறுப்பேற்போர் எனப் பல பொறுப்புகள் உருவாயின. ஒருவரே சுமந்த பணி பலரிடையே பகிரப்பட்டது நன்மையே. ஆயினும், தோழரின் வாழ்வைக் கேட்டறியும் உரிமையும் அதனைக் காக்கும் கடமையும் ஒருவரிடமே இணைந்திருந்த நிலை தளர்ந்தது.

பதிவின் பயனும் பழுதும்

பதிவு எவர் கையில், எந்நோக்கத்திற்குப் பயன்படுகிறது என்பதும் ஆராயத்தக்கது. இதற்கு இரு சான்றுகள் போதும்.

உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று பாஸ்டன் மருத்துவர் எட்வர்டு கிளார்க் 1873இல் வெளியிட்ட நூல் பெரும் விவாதத்தை எழுப்பியது. 1882இல் பெண் பட்டதாரிகள் அமைத்த சங்கம் இக்கூற்றை ஆய்வு செய்ய முற்பட்டது. வினாத்தாள் 1,290 பெண் பட்டதாரிகளுக்கு அனுப்பப்பட்டது. 705 பேர் விடையளித்தனர். மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் துணையோடு 1885இல் வெளியான அறிக்கை, கல்வியால் அவர்தம் உடல்நலம் பொதுவாகக் கெடவில்லை என்று காட்டியது. பட்டதாரிகளின் பெயர்களும் முகவரிகளும் பேணப்பட்டிராவிடில் இவ்வாய்வு நடந்திராது. திருமணத்தால் குடும்பப் பெயர் மாறும் சமுதாயத்தில் பெண்களைத் தொடர்ந்து பதிவுசெய்வது எத்துணைக் கடினமென்பதை எண்ணினால் இப்பணியின் அருமை மேலும் விளங்கும்.

இரண்டாவது சான்று வேறுவகையானது. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் 1872 முதல் 1877 வரையிலான ஆறு வகுப்புகளின் பதிவுகளிலிருந்து திருமணக் கணக்கையும் குழந்தைகளின் கணக்கையும் எடுத்து, பட்டதாரிகள் தம் எண்ணிக்கைக்கு ஈடான மக்களைப் பெறவில்லை எனத் தம் ஆண்டறிக்கையில் சுட்டிக்காட்டினார். குடியேறியோரின் பெருக்கத்தை அஞ்சிய ஒரு சாரார், 'இனத் தற்கொலை' என்னும் அன்றைய கூச்சலுக்கு இத்தகைய கணக்குகளைத் துணையாக்கிக்கொண்டனர். தோழமை உணர்வோடு எழுதி அனுப்பிய குடும்பச் செய்தி, எழுதியவர் எண்ணியும் பாராத அரசியலுக்குக் கருவியாயிற்று. பதிவுசெய்பவர் சேகரிப்பவர் மட்டுமல்லர், காவலரும் ஆவார் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நம் சூழலில் இதன் பொருத்தம்

மலேசிய, சிங்கைக் கல்வி நிறுவனங்களில் வகுப்பு வாரியான அமைப்பினும் பொதுவான பழைய மாணவர் சங்கமே பிரிட்டிஷ் மரபைத் தழுவி முதலில் வேரூன்றியது. அதனால் வகுப்புதோறும் வாழ்நாள் செயலாளர் என்னும் பொறுப்பு நம்மிடையே நிலைபெறவில்லை. ஒன்றுகூடல் நெருங்கும்போது ஒரு குழு அமைகிறது; மண்டபம், உணவு, நினைவுப் பரிசு, சீருடைச் சட்டை எனப் பணிகள் பகிரப்படுகின்றன; நிகழ்ச்சி முடிந்ததும் குழு கலைகிறது. பெயர்ப் பட்டியல் எவருடைய கைப்பேசியிலோ புலனக் குழுவிலோ தங்கிவிடுகிறது. அக்கைப்பேசி பழுதானால் பட்டியலும் இல்லை.

இதன் இழப்பைத் தமிழ்க்கல்வி வரலாற்றை ஆராய்வோர் நன்கறிவர். 1957இல் மலாயாவில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் இடம்பெயர்ந்தும் அவற்றுட் பல மூடப்பட்டன. எப்பள்ளியில் எவர் எந்த ஆண்டுகளில் கற்பித்தார், எத்தகைய வீட்டில் குடியிருந்தார், எந்நூலைக் கொண்டு கற்பித்தார் என்னும் செய்திகளை அரசு ஆவணங்களில் முழுமையாகக் காண இயலாது. அவை ஆசிரியர்களின் நினைவிலேயே உள்ளன. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற இந்திய ஆய்வியல் துறையின் தொடக்ககால மாணவர்கள் பட்டம் பெற்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. வில்லியம்ஸ் அனுப்பியதைப் போன்ற ஒரு வினாக்கடிதம் ஒவ்வொரு வகுப்பிலும் பத்தாண்டுக்கொருமுறை சுற்றிவந்திருப்பின், தமிழாசிரியர் சமுதாயத்தின் வரலாற்றை அவர்தம் சொற்களிலேயே இன்று எழுத இயலும்.

முடிவுரை

அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவத்திலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம். முதலாவதாக, ஒன்றுகூடற் குழு அமைக்கும்பொழுது பதிவாளரை முதலில் தேர்ந்தெடுத்து, நிகழ்ச்சிக்குப் பின்னும் அவர் பொறுப்பு தொடர வகைசெய்தல் வேண்டும். இரண்டாவதாக, வந்தோரைப் போலவே வாராதோர், மறைந்தோர், தொடர்பற்றோர் ஆகியோரும் பதிவில் இடம்பெறல் வேண்டும். மூன்றாவதாக, திரட்டிய செய்திகளை எழுதியவரின் ஒப்புதலோடு மட்டுமே பயன்படுத்தி, ஒரு படியை நூலகத்திலோ பல்கலைக்கழகத் துறையிலோ ஒப்படைத்தல் வேண்டும். மலேசியாவில் 2010இலும் சிங்கப்பூரில் 2012இலும் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களும் ஒப்புதலின் இன்றியமையாமையை வலியுறுத்துகின்றன.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. பொறுமையுடன் கடிதம் எழுதவும், விடை வாராதபொழுது மீண்டும் எழுதவும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் முன்வந்தால் போதும்.