முற்றுப்பெறாத மெக்சிக்கோப் படம்

சான்றுகளின் குவியல் வரலாறாகிவிடாது. அவற்றைக் காரண காரியத் தொடர்பில் இணைத்துக் காணும்போதே வரலாறு பிறக்கின்றது. சோவியற் திரைப்பட மேதை சேர்கை ஐசன்ஸ்ரைன் முடிக்காது விட்ட மெக்சிக்கோப் படத்தின் கதை இவ்வுண்மையைத் தெளிவாக்குவதாகும்.

ஹொலிவூட் முயற்சிகள் கைகூடாதுபோக, அவர் 1930ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் உதவியாளர் அலெக்சாந்திரோவுடனும் ஒளிப்பதிவாளர் திசேயுடனும் மெக்சிக்கோவை அடைந்தார். அமெரிக்க நாவலாசிரியர் அப்ரன் சிங்கிளேயரும் அவர்தம் மனைவியாரும் 25,000 டொலர் அளவில் பொருளுதவ இசைந்தனர். சில மாதங்களில் முடியுமெனக் கருதப்பட்ட பணி ஓராண்டைக் கடந்தது.

ஒரு நாட்டின் பண்பாட்டையும் வரலாற்றையும் முன்னுரை, நான்கு கதைகள், முடிவுரை என்னும் அமைப்பில் காட்டுவதே அவர் திட்டம். யூக்கற்றானின் மாயர் கோயில்கள் முன்னுரையில் இடம்பெற்றன. தெகுவாந்தெபெக் பகுதியின் திருமண வழக்கம், எருதுப்போர் விழா, போர்பீரியோ தியாஸ் ஆட்சிக்காலத்துப் பண்ணையடிமைகளின் துயர் என்பன மூன்று கதைகளாயின. நடித்தோருட் பலர் அவ்வவ்விடத்து மக்களே. நான்காம் கதை 1910இல் எழுந்த புரட்சியிற் படைகளைப் பின்தொடர்ந்து சென்ற பெண்களைப் பற்றியது. அது படமாக்கப்படவேயில்லை.

செலவு மிகுந்தமையாற் சிங்கிளேயர் குடும்பத்தினர் இடருற்றனர். 1931 கார்த்திகையில், ஐசன்ஸ்ரைன் தோழர்களின் நம்பிக்கையை இழந்துவிட்டாரென ஸ்ராலின் சிங்கிளேயருக்குத் தந்தியனுப்பினார். 1932இன் தொடக்கத்திற் படப்பிடிப்பு நின்றது. மொஸ்கோ திரும்பிய கலைஞரின் கைக்கு அப்படச்சுருள்கள் சென்று சேரவில்லை. 1933இல் அவற்றினின்றும் 'மெக்சிக்கோவின் மீது இடிமுழக்கம்' என்ற படத்தைப் பிறர் தொகுத்தனர். பண்ணையடிமைகளின் கதையே அதிற் பெரும்பகுதி. ஐசன்ஸ்ரைன் 1948இற் காலமானார். 1979இல் அலெக்சாந்திரோவ் மூலத்திட்டத்தைத் தழுவி ஒரு வடிவம் அமைத்தபோதும், புரட்சிப் பகுதியை விளக்கவுரை கொண்டே உணர்த்த நேர்ந்தது.

இழப்பின் ஆழம் இங்குதான் புலனாகின்றது. இறந்தோர் நாள் விழாவைக் காட்டும் முடிவுரையில், உழைப்போர் மண்டையோட்டு முகமூடியைக் களையும்போது சிரிக்கும் முகங்கள் தோன்றுகின்றன. ஆதிக்கத்தாரின் முகமூடிக்குப் பின்னாலோ மெய்யான மண்டையோடே உள்ளது. அடிமைத் துயரிலிருந்து அச்சிரிப்புக்கு மக்கள் வந்த வழி புரட்சியாகும். அவ்வழி காட்டப்படாமையால், அச்சிரிப்புக்குரிய காரணமே படத்தில் இல்லாதொழிந்தது.

பிறர் தொகுத்த வடிவங்களிற் காட்சிகள் ஐசன்ஸ்ரைனுடையவை; பொருளோ தொகுத்தோருடையது. வரலாறு கற்போர் எந்த ஆவணத் தொகுதியை எடுத்தாலும், அதனை அடுக்கியவர் யார், இடையில் விடுபட்டது யாது என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.