தேம்ஸ் முகத்துவாரத்து ஒலிவச் சாடி

மாவடுவை உப்பு நீரில் ஊறவைத்து ஆண்டு முழுவதும் காக்கும் முறையை அறிந்த நமக்கு ஒலிவக்காயின் கதை எளிதில் விளங்கும். மரத்தினின்று பறித்த ஒலிவக்காயை அப்படியே உண்ண இயலாது. ஓலியூரோபின் என்னும் கசப்புப் பொருள் அதில் நிறைந்துள்ளது. பன்முறை நீரை மாற்றியும், உப்பு நீரில் நெடுநாள் ஊறவைத்தும் அக்கசப்பைப் போக்கிய பின்னரே அது உணவாகும். கசப்பைப் போக்கும் அந்த உப்பே அதனைக் கெடாமலும் காக்கிறது. ஆகவே ஒலிவக்காய் உண்பதற்குத் தகுதி பெறும்போதே, தொலைதூரப் பயணத்துக்கும் தகுதி பெற்றுவிடுகிறது. இத்தகைய பொருள், தான் விளையாத ஒரு நாட்டிற்குச் சென்று விலைபோன வரலாற்றை இங்குக் காண்போம்.

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆறு கடலொடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தில் பான் சாண்ட் என்னும் மணல்திட்டு ஒன்று உண்டு. அப்பகுதிக் கடலடியிலிருந்து, இரு கைப்பிடிகளை உடைய உரோமானியச் சாடி ஒன்று எடுக்கப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் வழங்கிய வகை அது. அதனுள் 6,000-க்கும் மேற்பட்ட ஒலிவக் கொட்டைகள் இருந்தன. இலண்டன் துறையை நாடிச் சென்ற சரக்கு கரை சேராமலே கடலில் மூழ்கிற்று எனக் கொள்ளலாம். வணிகனுக்கு நேர்ந்த இழப்பு வரலாற்றுக்கு ஆதாயமாயிற்று.

சாடியின் வடிவமே அதன் பிறப்பிடத்தைக் கூறுகிறது. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் குவாதல்கிவிர் ஆற்றுப் பள்ளத்தாக்கை உரோமானியர் பெட்டிகா மாநிலம் என்றனர். இவ்வகைச் சாடிகள் அங்கே வனையப்பட்டவை. சிலவற்றின் கழுத்தில் மையால் எழுதிய குறிப்புகளும் காணப்படுகின்றன. உள்ளே இருப்பது கறுப்பு ஒலிவம் என்றும், சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் இட்டது என்றும், மிக உயர்ந்த தரத்தது என்றும் அவை அறிவிக்கின்றன. சரக்கின் சிறப்பை மேலே எழுதி விற்கும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று என்பது இதனால் புலனாகும். அப்பகுதியைச் சேர்ந்த காதிஸ் நகரத்தில் பிறந்த கொலுமெல்லா, முதல் நூற்றாண்டில் எழுதிய தம் வேளாண்மை நூலில், ஒலிவக்காயை உப்பிலும் காடியிலும் காய்ச்சிய சாற்றிலும் பதப்படுத்தும் முறைகளை விரிவாகக் கூறியுள்ளார்.

இனி, வாங்கியவர் யாவர் என்று பார்ப்போம். கி.பி. 43-இல் உரோமானியப் படைகள் பிரிட்டனில் இறங்கின. படையைத் தொடர்ந்து அதிகாரிகளும், அவர்களைத் தொடர்ந்து வணிகரும் சென்றனர். அந்நாட்டின் வடபுறத்தில் விண்டோலாண்டா என்னும் கோட்டை இருந்தது. 1973 முதல் அங்கே கண்டெடுக்கப்பட்ட மெல்லிய மர ஏடுகளுள் ஒன்று, கடைச் சாமான் பட்டியல். ஏறத்தாழ கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்தது. கோழி, முட்டை, ஆப்பிள், மீன் சாறு ஆகியவற்றோடு, ஒரு மோடியஸ் அளவு ஒலிவக்காயும் அதில் கேட்கப்பட்டுள்ளது. மோடியஸ் என்பது சுமார் ஒன்பது லிட்டர் கொள்ளும் முகத்தல் அளவை. முட்டை நியாயமான விலைக்குக் கிடைத்தால் மட்டுமே வாங்கும்படி எழுதிய அந்த வீட்டார், ஒலிவக்காய்க்கு அத்தகைய நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. அக்கோட்டையில் இருந்த படையினருட் பலர் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஒலிவ மரம் வளராத மண்ணில் பிறந்தவர்கள். உரோமானியச் சேவையே அச்சுவையை அந்நாட்டினரிடம் கொண்டு சேர்த்தது.

இவ்வளவு சிறிய சந்தைக்காகத் தனியே ஒரு கப்பல் புறப்படுவது கட்டுப்படியாகாது. பெட்டிகாவின் பெருஞ்சரக்கு ஒலிவ எண்ணெயே. உரோம் நகரில் மான்டே டெஸ்டாச்சியோ என்னும் குன்று சுமார் 35 மீட்டர் உயரம் உடையது. அது முழுவதும் உடைந்த எண்ணெய்ச் சாடிகளின் ஓடுகளால் ஆனது. அவற்றுள் பெரும்பாலானவை பெட்டிகாவிலிருந்து வந்தவை. பிரான்சின் தென்கரையில் போர்வாந்த்ர் அருகே மூழ்கிய முதல் நூற்றாண்டுக் கப்பலில், எண்ணெய்ச் சாடிகள், வெள்ளீயம், செம்பு, காரீயக் கட்டிகள் ஆகியவற்றோடு பான் சாண்ட் சாடியை ஒத்த சாடிகளும் இருந்தன. பெருவணிகத்தின் தோளில் ஏறியே சிறுவணிகம் கடல் கடந்தது.

அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. உரோமானியர் பிரிட்டனுக்குக் கொண்டு சென்ற உணவுப் பயிர்கள் பல. கொத்துமல்லி முதலியவை அந்நாட்டுத் தோட்டங்களில் முளைத்து, ஊர்ப்புறங்களிலும் பரவின. ஒலிவக் கொட்டைகளோ பெரும்பாலும் இலண்டன் போன்ற நகரங்களிலும் படைமுகாம்களிலுமே அகப்படுகின்றன. அக்குளிர் நாட்டில் ஒலிவ மரம் வேரூன்றி வணிகத்துக்குக் காய்க்கவில்லை. ஆதலால் ஒவ்வொரு சாடியும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமானிய ஆட்சி அங்கு முடிவுற்றது. படையும் அதன் சம்பளமும் மறைந்தபோது, அவற்றை நம்பி வந்த சரக்குகளும் மறைந்தன.

இக்கதைக்கு நம் கரையிலும் ஓர் எதிரொலி உண்டு. உரோமானிய பிரிட்டனின் வெருலாமியம் நகரை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தார். அங்குக் கிடைத்த சாடித் துண்டுகளை ஆராய்ந்த அறிஞர், பெரும்பகுதி மதுச்சாடிகள் என்றும், இஸ்திரியா நாட்டு ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும் ஸ்பெயின் நாட்டு மீன் சாற்றுச் சாடிகளும் சில உண்டு என்றும் கண்டனர். யவனர் கொணர்ந்த மது தமிழ் மன்னர் கலத்தை எட்டியதற்குப் புறநானூறு சான்று. எள்ளின் நெய்யை அறிந்த நாட்டில் ஒலிவ எண்ணெயை நாடியோர் பெரும்பாலும் யவனராகவே இருந்திருக்கக்கூடும்.

தன் ஊர் உணவை அயல்நாட்டில் தேடும் மனிதனுக்காகவே இச்சிறுவணிகம் தோன்றியது. அவன் அங்கே தங்கியிருந்த வரையில் அது நடந்தது. அயலவரின் சுவை அந்நாட்டு மக்களின் நாவிலும் மண்ணிலும் இடம் பெற்றால்தான் அவன் போன பின்னும் நிலைக்கும். கொத்துமல்லி அவ்விடத்தைப் பெற்றது; ஒலிவம் பெறவில்லை. தேம்ஸ் முகத்துவாரத்துச் சாடி நமக்கு உணர்த்துவது இதுவே.