நங்ஙியார் கூத்தும் அரங்கில் பெண்ணின் பேச்சும்

கேரளப் பெண்ணிய அரங்கைப் பற்றி எழுதுவோர் பலரும் அதன் வேரை நங்ஙியார் கூத்தில் காண்கின்றனர். ஆடவரே பெண்வேடம் புனைந்த அரங்குகள் மிகுந்த நாட்டில், பெண்ணே மேடையேறிய நெடுமரபு அது என்பது அவர்கள் காட்டும் காரணம். இது மறுக்கத்தக்கதன்று. ஆயினும், அரங்கில் பெண் நின்றாள் என்பதும் பேசினாள் என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மொழியியல் நோக்கில் ஆராய இடமுண்டு.

நங்ஙியார் என்பது நங்கையார் என்னும் சொல்லின் மலையாள வடிவம். சிலப்பதிகார நடுகற்காதையில் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடும் பறையூர்ச் சாக்கையனைச் சாக்கியார் மரபின் முன்னோனாகக் கொள்வர். உமையும் இறைவனும் ஓருடலாகிய கோலத்தை அவன் ஆடினான். பெண்பாதியும் ஆணின் உடலிலேயே தோன்றியது என்பது கருதத்தக்கது.

கூடியாட்டத்தில் தலைவன் வடமொழி பேசுவான், பெண்பாத்திரங்களுக்குப் பிராகிருதம். விதூஷகனுக்கும் பிராகிருதமே உரியது. ஆனால் அவன் அவ்வளவில் நிற்பதில்லை; மலையாளத்தில் பொருள் விரிக்கிறான், தலைவனின் சுலோகத்துக்கு எதிர்ச்சுலோகம் கட்டி அவையை நகைக்க வைக்கிறான். இவ்வுரிமை நங்ஙியாருக்கு இல்லை. சக்திபத்திரரின் ஆச்சரியசூடாமணியில் சூர்ப்பணகை வரும் அங்கம் இதற்கு நல்ல சான்று. லலிதை என்னும் அழகியாக அவள் தோன்றும்போது ஆடுபவர் நங்ஙியார். கரிய அரக்கியாக வெளிப்படும்போது ஆடுபவர் சாக்கியார். அந்த அரக்கிக்குத்தான் நாட்டுமொழிப் பேச்சு வாய்க்கிறது!

குலசேகரவர்மனின் சுபத்திராதனஞ்சயம் இரண்டாம் அங்கத்தில் சேடி ஒருத்தி முன்கதையை நினைவுகூர்கிறாள். அப்பகுதி தனியே விரிந்து நங்ஙியார் கூத்தின் ஸ்ரீகிருஷ்ணசரிதமாயிற்று, சுலோகங்கள் 217. பின்னே மிழாவு முழங்க, ஒருத்தியே தேவகியாகவும் கம்சனாகவும் பூதனையாகவும் மாறி மாறி ஆடுவாள். பகர்ந்நாட்டம் எனப்படும் இவ்வுத்தி வியக்கத்தக்கது: பணிப்பெண் ஒருத்தி அரசனையும் தன் உடலில் ஏற்கிறாள். எனினும் கண்ணும் கையுமே அவள் கருவிகள். நாட்டுமொழி அவள் வாயில் வருவதில்லை.

பேச்சு வேறு வழியில் வந்தது. வி. டி. பட்டதிரிப்பாடின் ‘அடுக்களயில்நின்னு அரங்ஙத்தேக்கு’ 1929-இல் அரங்கேறியது. நம்பூதிரி இல்லத்துப் பெண்ணை அடுக்களையிலிருந்து அரங்கிற்கு அழைத்த அந்நாடகத்தில் பெண்வேடங்களையும் ஆடவரே ஏற்றனர். 1948-இல் இலக்கிடியில் தொழில்நிலையம் நடத்திய அந்தர்ஜனங்கள், அதாவது நம்பூதிரிப் பெண்கள், ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ என்னும் நாடகத்தைக் கூடி எழுதித் தாமே நடித்தனர். தலைவி இல்லத்தைத் துறந்து உழைத்து வாழப் புறப்படுகிறாள். தாம் பேச வேண்டியதைத் தாமே எழுதித் தம் வாயாலேயே பேசிய அப்பெண்களையே பெண்ணிய அரங்கின் நேர்முன்னோராகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கோயிற்கலையின் பழமைக்குக் கிடைக்கும் பெருமை அவர்களுக்கு இன்னும் போதிய அளவு கிட்டவில்லை.

அவ்வாறாயின் நங்ஙியார் கூத்து தந்தது யாது? திருவனந்தபுரத்தில் இதற்கு விடை தேடலாம். 1965-இல் கேரள கலாமண்டலம் கூடியாட்டப் பயிற்சியைத் தொடங்கிய பின்னர், சாதிவழி உரிமை இல்லாத பெண்களும் இக்கலையைப் பயின்றனர். அங்குப் பைங்குளம் ராமச் சாக்கியாரிடம் கற்ற சதி, 1988-இல் திருவனந்தபுரத்து ‘மார்கி’யில் சேர்ந்து மார்கி சதி எனப் பெயர் பெற்றார், 2015-இல் மறைந்தார். இராமகதையைச் சீதையின் நோக்கிலிருந்து கூறும் ஸ்ரீராமசரிதத்தை அவர் கூத்தாக்கி, அதற்கு ஆட்டப்பிரகாரமும் இயற்றினார். ஆட்டப்பிரகாரம் நடிப்போருக்கான கையேடு, மலையாளத்தில் அமைவது. நெடுங்காலம் பிறர் எழுதியதை ஆடியவள், ஈண்டு தான் எழுதியதை ஆடுகிறாள். ஆனால் அந்த மலையாளம் அவையோர் செவிக்கு எட்டுவதில்லை. முத்திரையாகவே கண்ணுக்கு வருகிறது. வாய்மொழி விலக்கைச் சதி மீறவில்லை. அதற்குள் நின்றே கதை சொல்பவளை மாற்றினார்.

அதே நகரில் 1999-இல் தோன்றிய ‘நிரீக்ஷா’ பெண்கள் அரங்கில் நிலை வேறு. அங்கு நடிகை அவையோரின் மொழியிலேயே உரக்கப் பேசுகிறாள்.