எதனோடு ஒப்பிட்டு? நாட்பட்ட வலிக்கான தண்டுவடத் தூண்டல் ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவின் இடம்

தண்டுவடத் தூண்டல் கருவியைப் பொருத்திக்கொண்ட நாட்பட்ட வலி நோயாளிகளில் பலருக்கு வலி குறைகிறது. இதில் தகராறு இல்லை. அந்தக் குறைவை மின்சாரத்தின் கணக்கில் எழுதலாமா என்பதில்தான் தகராறு. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கான கவனிப்பு, நோயாளியின் எதிர்பார்ப்பு, ஏறியிறங்கும் வலி தானாகவே தணியும் இயல்பு ஆகிய எல்லாம் மின்சாரத்தோடு சேர்ந்தே வருகின்றன. இவற்றைப் பிரித்துக் காட்டவேண்டியது ஆய்வின் ஒப்பீட்டுக் குழு. இத்துறையின் புகழ்பெற்ற ஆய்வுகள் பலவற்றில் அந்தக் குழு இந்த வேலையைச் செய்யும்படி அமைக்கப்படவே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை’ வெளியிட்டனர். தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் செயல்படும்போது, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படும் என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டுகளில், 1967இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நார்மன் ஷீலி நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரின் தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் மின்முனையைப் பொருத்தினார். கோட்பாட்டின் பல நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன, கருவி தங்கிவிட்டது. இன்று மெல்லிய மின்கம்பி தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் செலுத்தப்பட்டு, இடுப்பிலோ வயிற்றுத் தோலுக்கடியிலோ வைக்கப்படும் பேட்டரியோடு இணைக்கப்படுகிறது.

முதலில், கருவிக்குச் சார்பாக அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2007ஆம் ஆண்டின் ‘பிராசஸ்’ ஆய்வு. முதுகெலும்பு அறுவைக்குப் பிறகும் கால்வலி தீராத 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவத்தோடு கருவி. மற்றதற்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஆறு மாத முடிவில் கால்வலி பாதியாவது குறைந்தவர்கள் முதல் பிரிவில் 48 விழுக்காடு, இரண்டாவதில் 9. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாடு எளிதில் கிடைப்பதில்லை. 2008இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நரம்புவழி வலிக்கு இக்கருவியைப் பரிந்துரைத்தபோது எடைபோட்ட முதன்மைச் சான்றுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த 9 எங்கிருந்து வந்தது? ஆய்வுக்குள் வந்தவர்கள், வழக்கமான மருத்துவத்தால் ஏற்கெனவே பலன் கிடைக்காமல் வலியோடு இருந்தவர்கள். மருந்து கைவிட்டவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் பாதிப்பேருக்கு அதே மருந்தை நீட்டித்து, அது மீண்டும் கைவிட்டதைக் கணக்கெடுத்தால் எண் சிறியதாகத்தான் வரும். போதாததற்கு, தனக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்பது அந்த நோயாளிக்குத் தெரியும். வலியை அளக்கும் கோலோ அவருடைய வாய்ச்சொல்தான். 2021இல் வெளிவந்த சர்க்கரை நோய் நரம்புவலி ஆய்விலும் இதே அமைப்பு: 216 பேர், 10,000 ஹெர்ட்ஸ் தூண்டல், கருவிப் பிரிவில் 79 விழுக்காடு வெற்றி, மருந்துப் பிரிவில் 5. அந்த 79ஐப் பார்த்து வியப்பவர்கள் 5ஐப் பார்த்துச் சற்று ஐயப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதங்களில் இருபதில் ஒருவருக்குத்தான் பலன் கிடைக்கும் அளவுக்கு எதிர்பார்ப்பு அடங்கிப்போன குழு அது.

நெதர்லாந்தின் கெம்லர் குழு, சிக்கலான வட்டார வலி நோய்க்கு நடத்திய ஆய்வு இதைவிடப் பயனுள்ள பாடம். இயன்முறை மருத்துவத்தோடு கருவி, இயன்முறை மருத்துவம் மட்டும் என இரு பிரிவு. 2000இல் வந்த ஆறு மாத முடிவு கருவிக்குச் சாதகம். 2008இல் வந்த ஐந்தாண்டு முடிவில் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. ஆயினும் கருவி வைத்துக்கொண்டவர்களில் 95 விழுக்காட்டினர், இதே பலனுக்காக மீண்டும் இந்தச் சிகிச்சைக்கு உடன்படுவோம் என்றனர். நோயாளியின் நிறைவு பொய்யல்ல. கருவி வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றும் அல்ல.

தூண்டலைச் சில நாள் தற்காலிகமாகச் சோதித்து, பலன் கண்டவர்களுக்கு மட்டுமே நிரந்தரக் கருவி வைப்பது மரபு. தேவையற்ற அறுவையை இது தவிர்க்கும் என்பது எதிர்பார்ப்பு. 2020இல் வெளியான பிரிட்டனின் ‘டிரையல்-ஸ்டிம்’ ஆய்வு இச்சோதனையையே சோதித்தது. பலன் பெறப்போகிறவர்களை அது தவறவிடவில்லை. பலன் பெறாதவர்களில் அது வடிகட்டியது ஏறத்தாழ 8 விழுக்காட்டினரைத்தான். கிட்டத்தட்ட எல்லோரையும் உள்ளே விடும் கதவுக்குக் காவலாளி எதற்கு?

போலித் தூண்டலோடு ஒப்பிடாததற்கு நெடுங்காலம் ஒரு நியாயமான காரணம் இருந்தது. பழைய தூண்டல், வலிக்கும் இடத்தில் குறுகுறுப்பை உண்டாக்கும். மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும்போது மறைப்பு எப்படி நிற்கும்? கொத்துத் தலைவலிக்காகப் பின்தலை நரம்பைத் தூண்டிய நெதர்லாந்தின் ‘ஐகான்’ ஆய்வு இச்சிக்கலைச் சுற்றிப்போக, முழு வலுத் தூண்டலை 30 விழுக்காடு வலுவோடு ஒப்பிட்டது. 131 பேர், இரு பிரிவிலும் வாராந்திரத் தாக்குதல்கள் பாதியளவாகக் குறைந்தன, பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. குறைந்த வலுவே போதும் என்றும் வாசிக்கலாம், இரண்டுமே போலிப் பலன் என்றும் வாசிக்கலாம். எது சரி என்று சொல்ல அந்த ஆய்வால் முடியாது.

குறுகுறுப்பே இல்லாத தூண்டல் முறைகள் வந்ததும் அந்தக் காரணம் காலாவதியானது. ஆனால் நடந்தது என்ன? 10,000 ஹெர்ட்ஸ் கருவியின் 2015ஆம் ஆண்டு ஆய்வு அதைப் பழைய கருவியோடு ஒப்பிட்டது: முதுகுவலியில் பலன் கண்டவர்கள் 84.5க்கு 43.8 விழுக்காடு. தண்டுவடத்தின் எதிர்வினையை அளந்து மின்னளவைத் தானே திருத்திக்கொள்ளும் கருவியின் ‘எவோக்’ ஆய்வு இருபுற மறைப்போடு நேர்த்தியாக நடந்தது. அதிலும் எதிரே நின்றது திருத்தம் செய்யாத கருவிதான். புதிய கருவி பழையதைவிட மேல் என்று இவை சொல்லக்கூடும். பழையது எதைவிட மேல் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. சந்தையில் போட்டியிடும் நிறுவனத்துக்கு முதல் கேள்வி போதும். நோயாளிக்குப் போதாது.

நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரத்து ஆய்வு இரண்டாவது கேள்வியைக் கேட்டது. 2022இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. முதுகு அறுவைக்குப் பிறகு கால்வலி தொடர்ந்த, சோதனைத் தூண்டலில் தேறிய 50 பேருக்கும் கருவி பொருத்தப்பட்டது. பிறகு மும்மாத காலங்கள் நான்கு: இரண்டில் உணரமுடியாத கொத்துத் துடிப்புத் தூண்டல், இரண்டில் மின்சாரமே இல்லை. வரிசை குலுக்கலில் அமைந்தது. ஆஸ்வெஸ்ட்ரி இயலாமை அளவுகோலில் தொடக்கச் சராசரி 44.7. மின்சாரம் ஓடிய காலங்களில் இது 10.6 புள்ளி இறங்கியது, ஓடாதபோது 9.3. இடைவெளி 1.3. புள்ளியியல் நோக்கிலும் மருத்துவ நோக்கிலும் அதைப் பொருட்படுத்த முடியாது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. அதில் சாரமும் உண்டு. பயன்படுத்திய துடிப்பு அமைப்பு வழக்கத்தில் உள்ளதிலிருந்து மாறுபட்டது என்றார்கள். முதன்மை அளவீடு வலி அல்ல, இயலாமை என்றார்கள். ஒரு காலத்தின் விளைவு அடுத்த காலத்துக்குள் வழிந்திருக்கலாம் என்றார்கள். முதல் ஆட்சேபம் வலுவானது. இந்த ஒரே ஆய்வை வைத்து எல்லாத் தூண்டல் முறைகளையும் நிராகரிக்க இயலாது. இரண்டாவது அவ்வளவு வலுவானதல்ல: நடக்கவும் உட்காரவும் தூங்கவும் உதவாத வலிக்குறைவுக்காக யாரும் முதுகைத் திறக்க ஒப்பமாட்டார்கள். 2023இல் முதுகுவலிக்கான தூண்டலை மதிப்பிட்ட காக்ரேன் மீளாய்வு 13 ஆய்வுகளையும் 699 பேரையும் கணக்கில் எடுத்தது. ஆனால் ஆறு மாத காலத்துக்குப் போலித் தூண்டலோடு ஒப்பிட அதற்குக் கிடைத்தது இந்த 50 பேரின் ஆய்வு மட்டுமே. மருத்துவ ஆய்வுக்கு வெளியே இதைப் பயன்படுத்தச் சான்றுகள் ஆதரவளிக்கவில்லை என்ற அதன் முடிவைக் கண்டித்தவர்கள், ஐம்பதாண்டுப் பழைய சிகிச்சைக்கு அத்தகைய சான்று இவ்வளவுதானா என்று தங்களையும் கேட்டிருக்கலாம்.

போலி அறுவை அறமல்ல என்ற வாதம் இங்கே எடுபடாது. 1950களின் இறுதியில் மார்பு உள்தமனியைக் கட்டும் அறுவை இதயவலியைப் போக்குவதாக நம்பப்பட்டது. தோல் மட்டும் கீறித் தைக்கப்பட்டவர்களும் அதே அளவு நலம் கண்டதை 1959இலும் 1960இலும் இரு சிறு ஆய்வுகள் காட்டியதும் அது வழக்கொழிந்தது. அங்கே ஒருவரை வீணாகக் கீறவேண்டியிருந்தது. இங்கே அதுகூட வேண்டாம். எப்படியும் கருவி பெறப்போகிறவர்களுக்கே பொருத்தி, சில மாதங்கள் மின்சாரத்தை நிறுத்திவைத்தால் போதும். பேட்டரி தீரும் வேகத்திலிருந்து நோயாளி ஊகிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், செய்யக்கூடியதுதான்.

போலிப் பலனாகவே இருந்தாலும் நோயாளிக்கு நல்லதுதானே என்று சில மருத்துவர்கள் கேட்கிறார்கள். மலிவான மாத்திரையானால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ‘பிராசஸ்’ ஆய்விலேயே ஓராண்டுக்குள் கருவி பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்குக் கருவி சார்ந்த சிக்கல்: கம்பி நகர்தல், தொற்று, கருவி இருக்கும் இடத்தில் வலி. 2016 ஜூலை முதல் நான்காண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு இக்கருவிகள் பற்றி வந்த அறிக்கைகள் 1,07,728. இவை நிரூபணமான காரண-விளைவுகள் அல்ல, வெறும் புகார்கள். ஆனாலும் புறக்கணிக்கும் எண்ணிக்கை அல்ல. அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை அலசிய 2023ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கருவி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு இரண்டாண்டுக்குள் அதை அகற்றவோ திருத்தவோ நேர்ந்தது; ஓபியாய்டு மருந்துப் பயன்பாடு மற்றவர்களைவிடக் குறையவில்லை.

சர்க்கரை நோய் நரம்புவலிக்கு இக்கருவியை அமெரிக்கா 2021இல் அனுமதித்துவிட்டது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. கால் எரிச்சலோடு வாழும் அவர்களில் ஒரு பகுதியினரை நோக்கி இந்தச் சந்தை வரும். பெரும்பாலும் சொந்தக் கையிருப்பிலிருந்துதான் அவர்கள் பணம் கட்டுவார்கள். 79க்கு 5 என்ற எண்களை அவர்களிடம் காட்டுவதற்கு முன், அதே கருவியை அதே நோயாளிகளில் மின்சாரம் ஓடும் நிலையிலும் ஓடாத நிலையிலும் ஒப்பிடும் ஆய்வு நடக்கவேண்டும். அதன் பணம் விற்பவரிடமிருந்து வரக்கூடாது. கண்காணிப்பு மூன்று மாதத்தோடு நிற்கக்கூடாது. நடை, தூக்கம், வேலை ஆகியவற்றை வலிப் புள்ளியோடு சேர்த்து அளக்கவேண்டும். இந்த 5ஐ வைத்து இங்கே ஒரு கருவிக்கு ஒப்புதல் கேட்பவரிடம், மின்சாரத்தை நிறுத்திவைத்தபோது எத்தனை என்று மருத்துவமனை அறக்குழு கேட்கலாம்.