முராசாக்கி வேரும் கலவளர்ப்பும்

தாவரக் கலத்தைத் தனித்து வளர்த்தல் கூடும் என்னும் கருத்தை ஒஸ்திரியத் தாவரவியலாளர் ஹபர்லாந்து 1902 இல் முன்வைத்தார். அவர் வளர்த்த கலங்கள் பருத்தனவேயன்றிப் பிரியவில்லை. 1939 இல் வைற், கோத்தரே, நோபெக்கூர் ஆகியோர் தாவர இழையங்களை ஊடகத்தில் இடையறாது வளர்த்துக் காட்டினர். ஆயினும், அவ்வாறு வளரும் கலம் செடி தரும் பயன்மிகு சேர்வைகளையும் தருமா என்னும் வினா எஞ்சிநின்றது. யப்பானிய முராசாக்கிச் செடியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை பகர்கின்றது.

அச்செடியின் வேரிலுள்ள சிக்கோனின் என்னும் செந்நிறப் பொருள் ஊதாச் சாயத்துக்கும் புண்மருந்துக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. செடி அருகவே யப்பான் இறக்குமதியை நாடியது. 1974 இல் கியோத்தோப் பல்கலைக்கழகத்துத் தபாத்தா குழுவினர் அதன் கலத்திரள்களை வளர்த்து, சிக்கோனின் ஆக்கத்தை ஒளி தடுப்பதைக் கண்டறிந்தனர். அன்றியும், கலங்கள் விரைந்து பெருகிய ஊடகத்தில் நிறம் தோன்றவில்லை. நிறம் தோன்றிய ஊடகத்திலோ பெருக்கம் குன்றியது. எனவே மிற்சுயி நிறுவனத்தார் முதலில் கலங்களைப் பெருக்கி, பின்னர் வேறோர் ஊடகத்துக்கு மாற்றினர். 1980களின் முற்பகுதியில் சிக்கோனின் வணிகப் பொருளாயிற்று. உதட்டுச் சாயத்திலும் இடம்பெற்றது.

இவ்வெற்றியை எல்லாச் செடிகளுக்கும் பொதுவாகக் கொள்ளலாகாது. புற்றுநோய் மருந்தான வின்பிளாசுத்தீனுக்கு வேண்டிய விண்டொலினை நித்தியகல்யாணியின் இலை ஆக்குகின்றது. வேறுபாடடையாத அதன் கலத்திரளோ ஆக்குவதில்லை. வளர்ச்சி வேறு, விளைவு வேறு. கலனைப் பெரிதாக்குவதால் மட்டும் இவ்விடைவெளி அகலாது; எந்நிலையில் எப்பொருளைக் கலம் ஆக்குகின்றது என்னும் அடிப்படை ஆய்வே தொழிலுக்கு முற்பட வேண்டும்.