செந்நாய்க்குப் பின்னால் போன வாத்தியார்

திருத்தணி என்றால் வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் மலைமேல் இருக்கும் முருகன். இன்னொருவர் ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5 வந்துவிட்டால் எங்கள் ஊர் பள்ளிகளில் ஆசிரியர் பெருமை பற்றிப் பேச்சுப் போட்டி நடக்கும். ஏழாம் வகுப்பில் நானும் பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு வேறு ஒரு ஆசிரியரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் வகுப்பறையை விட்டுக் காட்டுக்குப் போனவர்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. விலங்கியல் பட்டம் முடித்த என் அக்கா, டேராடூனில் வனஉயிரின அறிவியல் எம்.எஸ்சி. படிக்கப் போகிறேன் என்கிறாள். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். "ஏம்மா, காட்டுல போய் நாய்ப்பீ பொறுக்கவா உன்ன படிக்க வச்சேன்?" என்கிறார் அப்பா. அவர் கோபத்தில் சொன்னாலும், அந்த வேலையில் பாதி உண்மையிலேயே அதுதான் என்று படித்தபோது தெரிந்தது!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஏ.ஜே.டி. ஜான்சிங் 1945-ல் நாங்குநேரியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஜிம் கார்பெட்டின் புலிக் கதைகளைப் படித்துக் காட்டுப் பைத்தியம் பிடித்தது. பிறகு சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர் ஆனார். கல்லூரி வேலை, மாதச் சம்பளம், சொந்த ஊர்ப் பக்கம். நம் வீடுகளில் இதற்குமேல் ஒரு பையனிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவர் 1976-ல் கர்நாடகாவில் பந்திப்பூர் காட்டுக்குப் போய் 1978 வரை செந்நாய்களை ஆராய்ந்தார்.

பந்திப்பூர் தெரியும்தானே? மைசூரிலிருந்து ஊட்டி போகும் பஸ் அந்தக் காட்டுக்கு நடுவில்தான் போகும். கல்லூரி டூரில் நாங்களும் அந்த வழியாகப் போனோம். மான் பார்த்தவுடன் பஸ்ஸே கத்திய கத்தலில் மான் ஓடிவிட்டது. ஒரு காலத்தில் மைசூர் மகாராஜாவின் வேட்டைக்காடு. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் ஒன்று.

அந்த நேரத்தில் இந்தியாவில் இந்த வேலைக்கு முன்மாதிரி என்று பார்த்தால், 1963 முதல் 1965 வரை கான்ஹா காட்டில் புலியையும் மானையும் ஆராய்ந்த ஜார்ஜ் ஷேலர்தான். அவர் அமெரிக்கர். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை அங்கேயே இருந்து முறையாக ஆராய்ந்த முதல் இந்தியர் என்று ஜான்சிங்கைத்தான் சொல்கிறார்கள். இந்திய வனஉயிரின நிறுவனமே 1982-ல்தான் வந்தது. அதாவது அவர் கிளம்பியபோது "இதைப் படித்தால் இந்த வேலை" என்று காட்ட ஒரு கட்டிடம்கூட இல்லை. எங்கள் அப்பா அப்போது அவருக்கு அப்பாவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, புலி இருக்கும் காட்டில் போய் ஏன் செந்நாய்? அன்றைக்கு அதற்கு இருந்த பெயர் அப்படி. வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாயைக் கொன்றால் அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்தது. புலி கழுத்தைக் கவ்வி இரையைக் கொல்லும். பதினைந்து கிலோ எடையுள்ள செந்நாயால் அது முடியாது. கூட்டமாகத் துரத்தி, மான் முழுசாகச் சாவதற்குள்ளேயே தின்ன ஆரம்பித்துவிடும். பார்த்த வேட்டைக்காரர்களுக்கு அது அருவருப்பாக இருந்தது. மானை அழிக்கும் கொடிய பிராணி என்று முத்திரை குத்திவிட்டார்கள். (துப்பாக்கியோடு மான் சுடப் போனவர்கள் சொன்னது இது!) 1972-ல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாற ஆரம்பித்தது.

பந்திப்பூரில் அவருடைய செந்நாய்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று எந்தக் கருவியும் சொல்லாது. நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், காது கொடுக்க வேண்டும். செந்நாய் குரைக்காது என்பார்கள், விசில் மாதிரி ஒரு சத்தம் போட்டுத்தான் கூட்டத்தைச் சேர்க்கும். மைக்கேல் ஃபாக்ஸ் 1984-ல் எழுதிய செந்நாய்ப் புத்தகத்தின் தலைப்பே "விசிலடிக்கும் வேட்டைக்காரர்கள்" என்றுதான் பொருள்படும். நல்ல வேளையாக அது பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் வேட்டையாடுவதால் கண்ணால் பார்க்கவும் முடியும். மான் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால், காகமோ பிணந்தின்னிக் கழுகோ ஓர் இடத்தில் இறங்கினால், அங்கே இரை விழுந்திருக்கும்.

இப்போது அப்பா சொன்ன விஷயம். செந்நாயின் எச்சத்தைச் சேகரித்து, கழுவிக் காயவைத்தால் அதில் செரிக்காத முடி நிற்கும். புள்ளிமான் முடிக்கும் கடமான் முடிக்கும் அமைப்பு வேறு. நுண்ணோக்கியில் பார்த்து, தெரிந்த முடியோடு ஒப்பிட்டு, எது எதைத் தின்றது என்று கணக்கு எழுதலாம். எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே இதுதான்: வவுச்சர் பார்க்காமல் என்ட்ரியை நம்பாதே. "செந்நாய் எல்லாவற்றையும் அழிக்கிறது" என்பது வவுச்சர் இல்லாத என்ட்ரி. அதற்கு வவுச்சர் தேடி ஒருவர் காட்டில் குனிந்துகொண்டே நடந்திருக்கிறார். காமர்ஸ் மாணவனாக எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

கணக்கில் என்ன வந்தது? செந்நாயின் உணவில் முதலிடம் புள்ளிமானுக்கு. அது அந்தக் காட்டில் ஏராளமாக இருந்த மான். குட்டி போட்ட காலத்தில் தாய் மட்டும் அல்ல, கூட்டமே குட்டிகளை வளர்க்கிறது. வேட்டைக்குப் போனவை வயிற்றில் கறியோடு வந்து, கக்கி ஊட்டுகின்றன. கொடிய பிராணி என்று பெயர் வாங்கியது கூட்டுக்குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது! 1982-ல் லண்டன் விலங்கியல் ஆய்விதழில் இது கட்டுரையாக வந்தது. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் எதை எதைத் தின்கின்றன என்று ஒப்பிட்ட கட்டுரை 1992-ல்தான் வந்தது. களத்தை விட்டு வந்து பதினான்கு வருஷம்! நாங்கள் அசைன்மென்ட்டுக்கு இரண்டு நாள் தவணை கேட்டே வெட்கப்படுகிறோம்.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஆய்வு. அங்கேயே தங்கியிருக்கலாம். 1981-ல் திரும்பி வந்து முதுமலையில் யானை ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1985 முதல் 2005-ல் ஓய்வு பெறும்வரை டேராடூனில் அதே இந்திய வனஉயிரின நிறுவனத்தில் பாடம் நடத்தினார். ஆக, வாத்தியார் வேலையை அவர் விட்டதாகவும் சொல்ல முடியாது. ஓய்வுக்குப் பிறகும் காட்டில் நடப்பதை நிறுத்தவில்லை. 2024 ஜூன் 7-ல் பெங்களூரில் காலமானார்.

செந்நாய் மட்டும் இன்னும் தப்பிக்கவில்லை. உலகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் வயதில் 2,500-க்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று 2015-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிட்டது.

இதையெல்லாம் நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அந்த நாய் நம்ம பக்கம் இருக்குதா?" என்று கேட்டார்.

"திருப்பதி மலையில இருக்குப்பா. சேஷாசலம் காடு. 1989-லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க" என்றாள் அக்கா.

"திருப்பதிதானா? அப்ப பஸ்ஸுலயே போய்ட்டு வந்துரலாமே" என்றார் அப்பா. டேராடூன் எங்கே இருக்கிறது என்று இன்னும் அவர் கேட்கவில்லை.