எட்டு மடங்கு நீர் எங்கே? கூவமும் கழிவுநீர் வரம்பும்

கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் கொள்ளளவோடு நின்றுவிடுகின்றன. நாளொன்றுக்கு எத்தனை மில்லியன் லிட்டர் என்று கேட்கிறோம். நிலையம் பழுதின்றி இயங்கி, விதித்த வரம்புக்குள்ளேயே நீரை வெளியேற்றினாலும் ஆறு பிழைக்குமா என்று கேட்பதில்லை. சென்னையின் கூவம் ஆற்றைப் பொறுத்தவரை பிழைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். கோளாறு அந்த வரம்பிலேயே இருக்கிறது.

பிரிட்டனில் 1898இல் அமைந்த கழிவுநீர் அகற்றல் அரச ஆணையம் 1912இல் தன் எட்டாவது அறிக்கையை வெளியிட்டது. வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 30 மி.கி., பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 20 மி.கி. என்று வரம்பு கட்டியது. அந்த எண்கள் உலகெங்கும் பாடநூலில் ஏறின. கூடவே இருந்த நிபந்தனை அவ்வளவாக ஏறவில்லை: ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நீர் ஓட வேண்டும். 2 மி.கி. பி.ஓ.டி. உள்ள எட்டுப் பங்கு ஆற்றுநீரில் 20 மி.கி. உள்ள ஒரு பங்கைக் கலந்தால் 4 மி.கி. வரும். அதைத் தாண்டினால் ஆறு கெடும் என்பது ஆணையத்தின் கணிப்பு.

இந்தியப் பொதுத் தரநிலையில் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு பி.ஓ.டி. வரம்பு 30 மி.கி. சோதனையை மட்டும் நம் வெயிலுக்கேற்ப 27 டிகிரி செல்சியஸ், மூன்று நாள் என மாற்றிக்கொண்டோம். குளிப்பதற்குரிய ஆற்றுநீரின் பி.ஓ.டி. 3 மி.கி.க்கு மிகக் கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதே கலவைக் கணக்கைப் போட்டால், 30 மி.கி. நீர் ஒரு பங்குக்கு 27 பங்கு ஆற்றுநீர் வேண்டும், 10 மி.கி. என்றால் 7 பங்கு போதும். சித்திரை வெயிலில் கூவத்தில் அந்த ஏழுக்கும் வழியில்லை. மேலே வரும் நீரையும் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்து, புதிய பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறோம். நகரத்துக்குக் குடிநீர் வேண்டுமே! நேப்பியர் பாலத்தருகே முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலும் கைகொடுக்காது.

அம்மோனியா இதைவிட மோசம். பொதுத் தரநிலை அம்மோனியா நைட்ரஜனை லிட்டருக்கு 50 மி.கி. வரை அனுமதிக்கிறது. ஒரு மி.கி. நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.57 மி.கி. ஆக்சிஜன் செலவாகும், 50க்கு 228. 27 டிகிரி வெப்பநிலையில் தூய நீரில் கரைந்திருக்கக்கூடியதோ சுமார் 8 மி.கி.தான். மூன்று நாள் சோதனையில் இந்தக் கடன் பெரும்பாலும் தலைகாட்டாது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் பி.ஓ.டி.யை 10 மி.கி.க்குக் குறைக்க உத்தரவிட்டது. செலவு தாங்காது என்பது வழக்கமான மறுப்பு. ஆனால் அதே 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை எதிர்சவ்வூடுபரவல் வரை கொண்டுசென்று தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் வந்துவிட்டன. அதைக் குறை சொல்ல மாட்டேன்; அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம். ஆயினும் நல்ல நீர் ஆலைக்கு, மட்டமானது ஆற்றுக்கு என்ற பங்கீட்டை யாரும் விவாதித்து முடிவுசெய்யவில்லை. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக விடப்படும் சாக்கடை தனிக்கதை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் ஒவ்வோர் இசைவாணையிலும், நீர் வெளியேறும் இடத்தில் ஆற்றின் கோடைக்கால நீரோட்டம் எவ்வளவு என்பதைப் பதியட்டும். அது சுழியாக உள்ள இடத்தில், வெளியேற்றும் நீரே ஆறு என்று கொண்டு, ஆற்றுக்குரிய 3 மி.கி. வரம்பையே அதற்கும் விதிக்க வேண்டும்.